இருபத்துமூன்றாம் பக்கத்துத் தபால்காரர்

ஜெராக்ஸ் இயந்திரம் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது.

சாதாரணப் பக்கமாக இருந்தால் பரவாயில்லை. கல்லூரியின் இலக்கியப் பேராசிரியர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்த நாற்பது பக்கக் குறிப்பில் அது இருபத்துமூன்றாவது. இயந்திரத்தின் வயிற்றுக்குள் கையை விட்டு அவள் இழுத்தபோது சுருண்டு கிழிந்த துணுக்குகள்தான் வந்தன. ஒட்டவைத்துப் பார்த்ததில் படிக்க முடிந்த ஒரே சொல் ‘ஆகவே’.

“என்ன சத்தம் அங்க?” என்றார் கடைக்காரர். அவர் அவளுடைய தாய்மாமா.

“ஒண்ணுமில்ல மாமா.”

“பன்னெண்டு மணிக்குள்ள நூத்திருபது செட் வேணும். நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை. போன மாசம் ஒரு வரி மங்கலா விழுந்ததுக்கே அந்த மனுஷன் என்ன குதி குதிச்சார், பார்த்தேல்ல? இன்னொரு தப்பு நடந்தா காலேஜ் வேலை மொத்தமும் எதிர்க்கடைக்குப் போயிரும். அப்புறம் நான் என் வீட்டுல உக்காரணும், நீ உன் வீட்டுல உக்காரணும்.”

வீட்டில் உட்காருவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிறகு இரண்டு வருடம் உட்கார்ந்து பார்த்தாயிற்று. வீட்டில் படிக்க இருந்தவை நாட்காட்டியும் மின்சார ரசீதும். நாட்காட்டியாவது தினமும் மாறியது.

கடையில் அப்படியில்லை. வீணாய்ப்போன பிரதிகளைப் போட ஒரு கூடை இருந்தது. சாயந்திரம் கடை மூடும்போது அந்தக் கூடை அவளுடையது. சட்டம், மருத்துவம், பாதி துப்பறியும் கதை, யாருடைய விவாகரத்து மனுவோ, எதையும் அவள் விட்டதில்லை. மறுபக்கம் வெள்ளையாக இருந்தால் அதையும் விடமாட்டாள். தைத்து நோட்டாக்கி எழுதுவாள். என்ன எழுதுகிறாள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை. வாயைத் திறந்தால் ஒரே ஒரு ‘டக்’கோடு மூடிக்கொள்வாள் என்பதால் மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘ஸ்டேப்ளர் அக்கா’.

இப்போது ஸ்டேப்ளர் இருபத்திரண்டாம் பக்கத்தின் கடைசி வரியைப் பார்த்தாள். ‘இந்த நாவலின் தலையாய குறியீடு எது என்று கேட்டால்,’ என்று முடிந்திருந்தது. இருபத்துநான்காம் பக்கத்தின் முதல் வரி: ‘என்பதை மாணவர்கள் ஒருபோதும் மறக்கலாகாது.’

எதை மறக்கலாகாது என்பதைத்தான் இயந்திரம் தின்றிருந்தது.

பேராசிரியரிடம் கேட்கலாம். கேட்டால் எதிர்க்கடை. அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். மூன்று வருடமாக அவர் கையெழுத்தைப் பிரதி எடுக்கிறவள். அவருடைய ‘ழ’ கீழே இறங்கி அடுத்த வரியை உதைக்கும் என்பது முதற்கொண்டு அவளுக்கு அத்துப்படி.

நாவலும் அவளுக்குத் தெரியாததல்ல. அது ஒரு பழைய அமெரிக்க நாவலின் மொழிபெயர்ப்பு. தெரிந்தவரை ஊரிலேயே ஒரு பிரதிதான், அதுவும் கல்லூரி நூலகத்தில். மாணவர்களுக்கெல்லாம் அதன் ஜெராக்ஸ். கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். போருக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு விதவை. வருடா வருடம் தோட்டக் கதவுக்கு நீலச் சாயம் அடித்து அடித்தே கிழவியாகிறாள். இவ்வளவுதான் கதை. ஆனால் பேராசிரியர் கையில் அந்த நாவலின் எந்தப் பொருளுக்கும் தானாக இருக்க அனுமதி கிடையாது. கதவு மனசாட்சி. காற்றாலை நாகரிகம். பழுப்புப் பசு முதலாளித்துவம். பசு பாவம், ஒரே இடத்தில்தான் வருகிறது, அதுவும் படுத்திருக்கிறது.

கூடையில் கிடைத்த தாள்களில் அவள் படித்ததில், அந்த நாவலில் அவளை உலுக்கியது பசு அல்ல, தபால்காரர். தயக்கமே இல்லாமல் எழுதினாள்.

‘தபால்காரர்தான். மகன் இறந்த செய்தி அவர் பையில் பதினொரு வருடம் இருக்கிறது. தினமும் நீலக் கதவுவரை வருகிறார். சாயம் இன்னும் காயவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிடுகிறார். காத்திருந்தவளின் கதையை யாரும் சொல்லிவிடலாம். இது அவளைக் காத்திருக்க விட்டவரின் கதை’

முற்றுப்புள்ளி வைக்கவில்லை. அடுத்த பக்கம் ‘என்பதை மாணவர்கள்’ என்று தொடங்கி அழகாக ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நூற்றிருபது செட்டும் தயார்.

நான்கு நாள் கழித்துப் பேராசிரியர் கடைக்கு வந்தார். கையில் குறிப்பு. விரல் இருபத்துமூன்றாம் பக்கத்தில்.

“யாரும்மா இதைக் காப்பி எடுத்தது?”

மாமா உடனே அவள் பக்கம் கையைக் காட்டினார். ஆபத்து நேரத்தில் அவருக்குக் குடும்பப் பாசம் கொஞ்சம் குறையும்.

“நான்தான் சார்,” என்றாள். டக்.

“நூத்திருபது பேரும் போஸ்ட்மேனைப் பத்தித்தான் எழுதியிருக்காங்க. திருத்தும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.” பேராசிரியர் பக்கத்தை வாஞ்சையோடு தடவினார். “இதை எப்ப எழுதினேன்னே ஞாபகமில்ல. ஒருவேளை காய்ச்சல்ல இருந்தப்போ எழுதியிருப்பேன். காய்ச்சல்ல எனக்கு நடை நல்லா வரும். இதை மட்டும் தனியா ஐம்பது காப்பி போடுங்க. பல்கலைக்கழகக் கருத்தரங்குக்கு அனுப்பணும்.”

அவர் போனதும் மாமா அவளுக்கென்று மின்விசிறியைத் திருப்பி வைத்தார். மூன்று வருடத்தில் முதல்முறை.

அந்தக் காற்று இரண்டு நாள்தான் வீசியது. மூன்றாம் நாள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மாணவி வந்தாள். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிறவள்.

“அக்கா, ஒரு சந்தேகம். சார்கிட்டக் கேட்டா ‘ஆழ்ந்து படி’ங்கிறார். நாவல்ல போஸ்ட்மேன் எந்த இடத்துல வர்றார்?”

“நல்லாத் தேடு.”

“மூணு தடவை படிச்சிட்டேன்க்கா.”

“மூணு தடவையா?” அந்த நாவலை இவ்வளவு படித்த ஒரு ஆள் இருப்பாள் என்று ஸ்டேப்ளர் எதிர்பார்க்கவில்லை. வகுப்பில் மற்ற நூற்றுப்பத்தொன்பது பேரும் குறிப்பை மட்டும் படிக்கிற ஒழுங்கான பிள்ளைகள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளே நூலகத்துக்கு ஓடினாள். அங்கே வயதான அட்டெண்டர் ஒருவர் மேசை மூலையில் அமர்ந்து பழைய புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். நூலகத்தில் பைண்டிங் வேலையும் அவர்தான். விரலெல்லாம் பசை, கேட்ட புத்தகம் விரலோடு ஒட்டியே வந்தது. தடித்த அட்டை; பைண்டிங்கில் கீழ் ஓரத்தை இழுத்து வெட்டியதில் பக்க எண்கள் கூடக் காணாமல் போயிருந்தன. நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். விதவை இருந்தாள். நீலக் கதவு இருந்தது. பசு படுத்திருந்தது. தபால்காரர் இல்லை.

கடைக்குத் திரும்பித் தன் தாள்கட்டைப் பிரித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தபால்காரர் வருகிற தாள்களில் மட்டும் எழுத்து பெரிதாக இருந்தது. இயந்திரத்தில் யாரோ அளவை மாற்றிவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“மாமா, நாவல் காப்பி எடுத்த அன்னிக்கு வேற யாராவது புத்தகம் கொண்டுவந்தாங்களா?”

“ஒரு பெரியவர் வந்தார். கண்ணு சரியாத் தெரியல, எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுன்னார். அட்டைகூட இல்லாத ஏதோ ஒரு பழைய கதைப் புத்தகம். எடுத்துக் கொடுத்தேன், போயிட்டார். எதுக்கு?”

“சும்மாதான் மாமா.”

ஆக, இரண்டு வேலைகளின் கழிவும் ஒரே கூடையில் விழுந்திருக்கிறது. வேறு நாவலின் தபால்காரரை இந்த நாவலின் விதவை வீட்டுக்கு அவள் அனுப்பிவிட்டாள். அமெரிக்க நாவல்களில் விதவைகளுக்கும் தோட்டக் கதவுகளுக்குமா பஞ்சம்?

முதலாவதாக வருகிறவளின் வாயை எப்படியாவது அடைக்க வேண்டும். மறுபடியும் வெள்ளைத் தாள், மறுபடியும் அடுத்த வரியை உதைக்கும் ‘ழ’. ‘பின்குறிப்பு: தபால்காரர் நாவலில் எங்கும் நேரடியாகத் தோன்றுவதில்லை. தோன்றாமலே கதையை நடத்துவதுதான் அவருடைய பெருமை. அவரைத் தேடுகிறவர்கள் நாவலைத் தவறாகப் படிக்கிறார்கள்.’

மாணவி வந்ததும் நீட்டினாள். “சாரோட பக்கம் ஒண்ணு விட்டுப்போச்சு. இதையும் சேர்த்து வச்சுக்கோ.”

மாணவி படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் படித்தாள். “அப்ப நான் தேடினதுதான் தப்பா?”

“ஆமா.”

“சார் பெரிய ஆளுதான்க்கா.”

அன்று மாலைக்குள் பின்குறிப்பு வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நாள் பேராசிரியரே ஒரு பிரதியைப் படித்தார். தனக்கு இன்னொரு முறை காய்ச்சல் வந்திருக்கிறது என்று முடிவு கட்டினார். அடுத்த வாரம் ‘தோன்றாப் பாத்திரக் கோட்பாடு’ என்ற தலைப்பில் இரண்டு மணி நேரம் பேசினார். வாசலில் நின்று கேட்டவர்களே முப்பது பேர்.

“புரொபசர் சீக்கிரமே துறைத்தலைவர் ஆகிடுவார் போல,” என்றார் மாமா, கைகளைத் தேய்த்துக்கொண்டு. “அவர் ஆனா எல்லாத் துறை வேலையும் நமக்குத்தான். பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒரு மேடம் விசாரிக்க வர்றாங்களாம். அவங்க சரின்னு எழுதிட்டா முடிஞ்சுது.”

“அவங்க நாவலைப் படிச்சிருப்பாங்களா மாமா?”

“மேடமாச்சே, படிக்காமலா இருப்பாங்க? ஏன் உனக்கு வேர்க்குது? மின்விசிறி உன் பக்கம்தானே இருக்கு?”

வியாழக்கிழமை காலை மேடம் நூலகத்துக்கு வந்தார். நரைத்த தலை, சிரித்துப் பழக்கமில்லாத உதடு. நடு மேசையில் அந்த நாவல். ஒரு பக்கம் பேராசிரியர், புதுச் சட்டையில். இன்னொரு பக்கம் முதலாவதாக வருகிறவள், நோட்டோடு. கூடுதல் பிரதிகளைக் கொண்டுவந்த சாக்கில் மாமாவும் ஸ்டேப்ளரும். மூலையில் அட்டெண்டர் பசைக் கிண்ணத்தோடு தன் பாட்டுக்கு வேலையில் இருந்தார்.

“நேரா விஷயத்துக்கு வர்றேன்,” என்றார் மேடம். “எங்க நூலகத்துல இருக்கிறதும் இந்தப் புத்தகத்தோட ஜெராக்ஸ்தான். கருத்தரங்குக்கு வந்த உங்க கட்டுரையைப் பார்த்துட்டு மறுபடி மறுபடி படிச்சேன். அந்தம்மாவோட மகன் செத்துப்போனான்னு நாவல்ல எங்க இருக்கு?”

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “அது... உட்பொருளா இருக்கு மேடம்.”

“கடிதம்?”

“அதுவும் உட்பொருள்தான்.”

“பதினொரு வருஷம்னு கணக்கா எழுதியிருக்கீங்களே. எண்ணிக்கையும் உட்பொருளா?”

பேராசிரியர் புத்தகத்தைத் திறந்தார். மூடினார். இன்னொரு பக்கத்திலிருந்து திறந்தார். புதுச் சட்டையின் காலர் நனைந்துகொண்டு வந்தது.

“படிக்கிற பிள்ளைங்களுக்கு இல்லாததைச் சொல்லிக் கொடுக்கிறது ஏமாத்து வேலை,” என்றார் மேடம். “நான் அப்படித்தான் எழுதப்போறேன். இந்தப் போஸ்ட்மேன் சுத்த அபத்தம்.”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் ஸ்டேப்ளர் வாயே திறந்திருக்கமாட்டாள்.

“அவர் அபத்தம் இல்ல மேடம்.”

எல்லோரும் திரும்பினார்கள். மாமா அவள் காலை மிதித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“அந்தப் பக்கத்தை சார் எழுதல. நான் எழுதினேன். சார் எழுதினதை மிஷின் கிழிச்சிருச்சு. பின்குறிப்பும் நான்தான். சார் கையெழுத்து எனக்கு வரும். அந்தப் போஸ்ட்மேன் வேற ஏதோ புத்தகத்துக்காரர், தாள் கலந்துபோய் இதுக்குள்ள வந்துட்டார். அது என் தப்புதான். ஆனா அவரைப் பத்தி நான் எழுதினதுல ஒரு சொல்லுகூடத் தப்பில்ல. ஒரு ஆளு பதினொரு வருஷம் ஒரு காகிதத்தைச் சுமந்துக்கிட்டு ஒரு கதவுவரைக்கும் வந்து வந்து திரும்புறார்னா, அவரைவிடப் பெரிய ஆளு அந்த ஊர்ல யாரு மேடம்? பசுவா?”

பிறந்ததிலிருந்து அவள் மொத்தமாகப் பேசியதைவிட அது நீளம். பேசி முடித்தும் தலை குனியவில்லை.

பேராசிரியர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “காய்ச்சல்னு நினைச்சேனே,” என்று யாரிடமும் என்றில்லாமல் சொன்னார். முதலாவதாக வருகிறவள் நோட்டைத் திறந்தபடி எதை அடிப்பது என்று தெரியாமல் பேனாவோடு நின்றாள்.

மாமா கைகூப்பினார். “மேடம், இவ எங்க அக்கா பொண்ணு. நாளையிலிருந்து கடைக்கு வரமாட்டா. ஒன்பதாவதோட நின்னவ, நாவலப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்? அந்தப் புத்தகத்துல போஸ்ட்மேனே கிடையாதுன்னு எனக்கே இப்ப தெரிஞ்சுபோச்சு.”

மூலையில் பசைத் தூரிகை நின்றது.

“போஸ்ட்மேன் இருந்தாரே,” என்றார் அட்டெண்டர், பசைக் கையைத் துணியில் துடைத்தபடி. “அந்த அத்தியாயம் பதினாறு பக்கமும் பூச்சி அரிச்சுப் போயிருந்துச்சு, சேர்த்துத் தைக்க வரல, பைண்டிங் பண்றப்போ எடுத்துட்டேன், யாராவது கேட்டா சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன், இருபத்திரண்டு வருஷமா ஒருத்தரும் கேக்கலையே.”