பீப்பாய்க்காரன் காட்டிய வழி

லாஸ் வேகாசில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. அந்த வருடம் ஒரு வரைபடமும் சேர்ந்துகொண்டது. மோட்டல்களில் இலவசமாகக் கொடுக்கும் கேலிப்பட வரைபடம்தான். சூதாட்ட விடுதிகளுக்கு நடுவே பல்லைக் காட்டும் கழுதை, சீட்டாடும் முயல், ஒரு மூலையில் அணுகுண்டுப் புகை. யாரோ சிரிப்பதற்காக வரைந்தது. குறி சொல்லும் புரொபசர் மெல்வார் அதைக் காப்பிக் கடை மேசையில் விரித்து, மேலே நூலில் ஒரு செப்புக் குண்டைத் தொங்கவிட்டார். வரைபடம் வேதமாகிவிட்டது.

குண்டு எந்த விடுதிமேல் நிற்கிறதோ, அங்கே இன்று உங்களுக்கு யோகம். காணிக்கை இரண்டு டாலர். குறி தப்பினால்? உங்கள் நம்பிக்கையில் ஓட்டை!

வாசல்வரை கூட்டம். குண்டு யாருக்குப் பார்த்தாலும் வலது மேல் மூலையிலிருந்த 'தங்கக் கள்ளி' விடுதிக்கே போனது. அந்த விடுதியில் புரொபசருக்கு மூன்று வேளையும் ஓசிச் சாப்பாடு என்பது வெறும் தற்செயல்தான்.

வெர்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசையருகே வந்தாள். சொந்த மாநிலமான நெப்ராஸ்காவிலிருந்து கொண்டுவந்த சேமிப்பையெல்லாம் அவள் கணவன் டெல்பர்ட் குண்டின் பேச்சைக் கேட்டுத் தொலைத்திருந்தான். இன்று அவன் கையில் கார் சாவி. பழைய கார் வாங்குகிறவன் பக்கத்திலேயே பல் குத்திக்கொண்டு நின்றான்.

"காரையும் வித்துட்டா ஊருக்கு எப்படிப் போறது? நடந்தா?"

"கடைசியா ஒரே தடவை, வெர்னா. குண்டு நல்ல வாக்கு சொல்லிட்டா ரெண்டு காரா வாங்கிடலாம்!"

"அம்மணிக்குச் சந்தேகம் போல," என்று புரொபசர் சிரித்தார். "சக்தி என் கண்ணுல இல்லம்மா, குண்டுல இருக்கு. கண்ணைக் கட்டிக்கிட்டே காட்டவா?"

கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு ஏதோ முனக ஆரம்பித்தார். கூட்டத்துக்குப் புல்லரித்தது.

வெர்னா உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தைப் பேசாதிருக்கச் சொன்னாள். வரைபடத்தைச் சத்தமில்லாமல் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். அவள் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

குண்டு ஆடியது. வழக்கமான இடத்துக்கே போய் நின்றது.

"தங்கக் கள்ளி! பொன்னாக் கொட்டுது டெல்பர்ட்! இருக்கிறதையெல்லாம் கொண்டுபோய் வைங்க!"

ஆனால் குண்டுக்கு நேர் கீழே இப்போது வரைபடத்தின் இடது கீழ் மூலையில் வரைந்திருந்த ஓர் ஆள். சூதில் உடுதுணியும் தோற்று, பீப்பாய்க்குள் மானத்தை மறைத்துக்கொண்டு, சாலையோரம் கட்டைவிரல் நீட்டி ஓசி வண்டி கேட்டுக்கொண்டிருந்தான்.

முதலில் கார் வாங்க வந்தவன்தான் களுக்கென்று சிரித்தான். பிறகு கடையே அதிர்ந்தது. புரொபசர் துணியை அவிழ்த்தார், குனிந்து பார்த்தார், முகம் வெளுத்தது.

"ஆவிங்களுக்குத்... திசை கொழம்பிடுச்சு."

"ஆவி என்ன பண்ணும் பாவம்! உங்க கைதானே அந்த இடத்தை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு!" என்றாள் வெர்னா.

"எங்க ரெண்டு டாலரை வைய்யா!" என்று வரிசை நெருக்கியது. புரொபசர் சமையலறை வழியாக ஓட்டம் பிடித்தார். குண்டு மட்டும் அங்கேயே கிடந்தது.

டெல்பர்ட் பீப்பாய்க்காரனையே வெறித்துப் பார்த்தான். "இவன் இவ்வளவு நாளும் இங்கயேவா இருந்தான்?"

"இங்கதான் இருந்தான். நீதான் குண்டைத் தவிர எதையும் பாக்கல."

அவன் சாவியை அவள் கையில் வைத்தான். அவளுக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

சிரிக்க அச்சடித்த படம் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டவனிடம் வழி கேட்கும் பெருமக்களே, கொஞ்சம் நீங்களும் குனிந்து பாருங்கள். இல்லையென்றால் உங்கள் அளவுக்கும் ஒரு பீப்பாய் தயாராக இருக்கிறது!