அகப்பை நானா கண்டுபிடிக்காத கோளாறு

அந்தக் காலத்தில் பினாங்கில் ஓடிய கார்களில் பாதி பெட்ரோலில் ஓடின. மீதி அகப்பை நானாவுக்குப் பயந்து ஓடின.

தமிழ் முஸ்லிமான அவரை ஊரே நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டதால், அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம். சுங்கை பினாங் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் கார் பழுது பார்த்தார். டாக்டருக்குக் கழுத்தில் குழாய் என்றால் இவருக்கு இடுப்பில் அகப்பை. கொட்டாங்கச்சியில் மூங்கில் காம்பு செருகிய சாதாரண அகப்பைதான். ஓடுகிற இன்ஜின்மேல் காம்பின் நுனியை ஊன்றுவார். கொட்டாங்கச்சியைக் காதில் கவிழ்த்துக்கொள்வார். கண்ணை மூடுவார். முன்பு அது அவருடைய தம்பியின் சோற்றுக்கடையில் மீன் குழம்பு கிளறிக்கொண்டிருந்தது. அதனால் நானா வைத்தியம் பார்த்த கார்கள் இரண்டு நாளைக்கு மணத்தோடு போகும். பின்னால் பூனைகள் போகும்.

வாடிக்கையாளர் மனம் கோணாமல் பேசுவதை அவர் ஒரு நோயாகவே கருதினார். பருமனான வக்கீல் ஒருவர், கார் ஏதோ முனகுகிறது என்று கொண்டுவந்தார். நானா அகப்பையை வைத்துக் கேட்டார்.

"இன்ஜின் நல்லாருக்கு. முனகுறது சீட்டு ஸ்பிரிங்கு. ஐயா கொஞ்சம் ஒடம்பக் கொறைங்க."

வக்கீல் அதற்குப் பிறகு வரவேயில்லை. வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் மலாய் மொழியில், கார் நன்றாக இருக்கிறது, ஓட்டுகிறவரைத்தான் மாற்ற வேண்டும் என்று சொன்னார். துரையும் வரவில்லை. இப்படி வராதவர்களின் எண்ணிக்கையில் நானாவுக்கு ஒரு பெருமை. ஆனால் அவர் சொன்ன கோளாறு ஒருநாளும் பொய்த்ததில்லை. அது அவருக்கு அதைவிடப் பெரிய பெருமை.

இன்னொரு வைராக்கியமும் உண்டு. எந்தக் காருக்குள்ளும் உட்கார மாட்டார். ஓட்டவும் தெரியாது. கேட்டால், "வைத்தியன் நோயாளி மடியிலயா லா உக்காருவான்?" என்று பினாங்கு வழக்கப்படி நடுவில் ஒரு 'லா' போட்டுக் கேட்பார்.

நான் அப்போது ஓர் அரிசி வியாபாரியிடம் டிரைவராக இருந்தேன். முதலாளி திடீரென்று சீமையிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு பந்தயக் கார் வரவழைத்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை கிடையாது. மழை பெய்யும் ஊருக்கு மிகவும் பொருத்தமான கார். அவர் அவ்வளவு வேகமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆயுத பூசையன்று அதற்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினோம். கோயில் பண்டாரம் மஞ்சள் நூலை என்னிடம் கொடுத்து ஸ்டியரிங்கில் காப்புக் கட்டச் சொன்னார். கட்டினேன். அடுத்த ஆயுத பூசை வரை அந்த நூல்மேல் யார் கையும் படக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார்.

மறுநாளே கார் தட்டத் தொடங்கியது. வேகமாக விட்டால் ஒரு சத்தமும் இல்லை. மெதுவாகப் போனாலோ, மேடு ஏறினாலோ, உள்ளே யாரோ கண்ணாடிக் கிளாஸில் கரண்டியால் தட்டுவது போலக் கிணிகிணி என்று கேட்கும். இழுவையும் போய்விடும். பாலிக் பூலாவ் மேட்டில் அடியோடு நின்றுவிட்டது. முதலாளி பட்டு வேட்டியோடு இறங்கித் தள்ளினார். வாழைத்தார் சுமந்துகொண்டு எங்களைத் தாண்டிப் போன ஒரு கிழவர், உதவி வேண்டுமா என்று கேட்டார். முதலாளிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"நீ எண்ணெ பாக்காம ஓட்டி பேரிங்கத் தின்னுட்ட. வெள்ளிக்கிழமைக்குள்ள என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியணும். உன் தப்புன்னு தெரிஞ்சிச்சு, சாவிய வச்சிட்டுப் போய்க்கிட்டே இரு."

எனக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். முதலாளி முன்னால் எனக்கு எப்போதும் ஒரே ஒரு சொல்தான் வரும். "சரிங்க" என்றேன்.

புதன்கிழமை நானா அகப்பையை வைத்துக் கேட்டார். "பேரிங்கு போனா கதவு தட்டுற மாதிரி டொக்கு டொக்குன்னு கேக்கும். இது அதில்ல. உள்ள கரி புடிச்சிருக்கு" என்றார். புதுக் காருக்குக் கரியா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இன்ஜினின் தலையைக் கழற்றிச் சுரண்டினார். கிணிகிணி போகவில்லை. வியாழக்கிழமை பெட்ரோலைக் குறை சொல்லி வேறு பெட்ரோல் ஊற்றினார். பிளக்குகளை மாற்றினார். கிணிகிணி இன்னும் சுத்தமாகக் கேட்டது.

அன்று அவர் சாப்பிடவில்லை. அகப்பையை மட்டும் இரண்டு முறை கழுவினார்.

வெள்ளிக்கிழமை காலை, "தம்பி, நீ ஓட்டு. ஓட ஓடக் கேக்கணும்" என்றார். உள்ளே உட்கார மறுத்து, முன் சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் குப்புறப் படுத்து, காதில் அகப்பையோடு தொற்றிக்கொண்டார். அப்படியே தெருவெல்லாம் போனோம். நான் யாரையோ இடித்து, விழுந்த ஆளை இறக்கிவிடாமல் ஓட்டுகிறேன் என்று நினைத்து, ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்தினார்.

"பொறுங்க லா, கேட்டுக்கிட்டிருக்கேன்!" என்று நானா அவரை அதட்டினார்.

அதட்டத் திரும்பியவரின் பார்வை காரின் முன்கண்ணாடி வழியாக என் கைகள்மேல் விழுந்தது.

"நிறுத்து."

ஆள் உயிரோடு இறங்குவதைக் கண்ட போலீஸ்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். நானா வந்து ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"என்ன இது?"

"காப்பு நானா."

"காப்பு தெரியுது. அதுக்கு அடியில எதையோ கட்டிப் போட்டிருக்கியே, அது என்ன?"

ஸ்டியரிங் நடுவில் ஒரு சின்னக் குச்சி இருந்தது. நான் முன்பு ஓட்டிய காரில் அது கிடையாது. "ஆடிக்கிட்டே இருந்திச்சு நானா. அழகுக்கு வச்சதுன்னு நெனச்சு, ஓரமாத் தள்ளிச் சேத்துக் கட்டிட்டேன்."

"அழகுக்கா?" நானா அகப்பைக் காம்பால் குச்சியைக் காட்டினார். "உள்ள பெட்ரோலப் பத்த வைக்கிற நெருப்புப் பொறி எப்ப விழணும்னு சொல்றதே அந்தக் குச்சிதான்டா. மெதுவாப் போனா பிந்தி விழணும், வேகமாப் போனா முந்தி விழணும். நீ எப்பவும் முந்தியே விழுற மாதிரி கட்டிப் போட்டிருக்க. தட்டாம என்ன செய்யும்? மூணு நாளா நான் அதோட வயித்தக் கிழிக்கிறேன், நீ கையக் கட்டி வச்சிருக்க!"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீதான் கட்டினன்னு மொதலாளிக்குத் தெரியுமா?"

"அவர் பக்கத்துலதான் நின்னாரு" என்றேன்.

"அது உங்க சாமி நூலு. நான் தொட மாட்டேன். நீயே அவுத்து, குச்சிய விட்டுட்டுச் சக்கரத்துல மட்டும் கட்டு."

கட்டினேன். குச்சியை எப்போது எந்தப் பக்கம் தள்ளுவது என்று கைவிரலால் காட்டினார். கார் நடைவேகத்தில் பூனை போலப் போயிற்று.

கொட்டகைக்குத் திரும்பியபோது முதலாளி காத்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். நானா தீர்ப்புச் சொல்வதைக் கேட்க எப்போதுமே கூட்டம் கூடும்.

முதலாளி இன்ஜின் தட்டாமல் ஓடுவதைக் கேட்டார். முகம் மலர்ந்தது. "சரியாயிடுச்சே! என்ன கோளாறு? இவன் பண்ணதுதானே?"

வக்கீலுக்கும் துரைக்கும் தயங்காத நானா என் பக்கம் ஒருமுறை பார்த்தார். அகப்பையை இடுப்பில் செருகினார்.

"தெரியல மொதலாளி."

"என்னது?"

"தெரியல. கழட்டினேன், மாட்டினேன். தானா சரியாயிடுச்சு."

கூட்டம் சிரித்தது. அகப்பைக்கே தெரியலையாம் என்று ஒருவர் அடுத்த தெருவுக்குச் சொல்லக் கிளம்பினார். முதலாளி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எல்லாம் இந்தக் காப்போட சக்தி. உன்னால ஒண்ணும் நடக்கல."

நானா குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கினார். "ஆமா மொதலாளி" என்றார். அவர் வாயில் அந்த இரண்டு சொற்களையும் சேர்த்து நான் கேட்டது அன்றுதான்.

என் வேலை தங்கியது. அவருடைய பெயர்தான் போயிற்று. வெகுநாள் தெருவில் அவரைச் சீண்டினார்கள். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நன்றி சொல்லப் பல முறை அந்தக் கொட்டகைக்குப் போனேன். "என்ன தம்பி, கார் தட்டுதா?" என்பார். எனக்கு வாய் வராது. "ஆமா நானா" என்று பொய் சொல்லிவிட்டு நிற்பேன். அவர் காரைப் பார்க்கவே மாட்டார். ஒரு பெட்டியைத் தூசு தட்டி என் பக்கம் தள்ளி, "சரி, உக்காரு. தேத்தண்ணி வருது" என்பார்.