மேகத்தில் போன மாப்பிள்ளை

மரக்காணம்,
10.8.2005

அன்புள்ள மச்சான் தட்சணாமூர்த்திக்கு, சடையப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காவும் மகள் பூவிழியும் நலம். மாப்பிள்ளை சதீஷ் உயிரோடு நலம். இதை இரண்டு தடவை படி. உன் நலத்தை விசாரிக்க எனக்கு மனமில்லை. உன் அக்கா சொன்னதால் விசாரித்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்த கையோடு ஜோடியை வெளியில் நிறுத்திப் படம் எடுக்கக் குயிலாப்பாளையத்திலிருந்து சக்கரபாணி என்று ஒரு மேதையை அனுப்பினாயே, அவன் கேமராவை மாட்டிக்கொண்டு நேராக என் உப்பளத்துக்கு வந்தான், உப்பு வாரிக்கொண்டிருந்த மாயவனையும் அந்தோணிராஜையும் கூப்பிட்டுக் கறுப்புக் கம்பளியைப் பிடிக்கச் சொல்லி அதன் முன்னால் மாப்பிள்ளை முகத்தை மட்டும் எடுத்தான், பிறகு அதே பிலிமை நகர்த்தாமல் அதன் மேலேயே பூவிழியை எடுப்பேன், அதற்கு டபுள் எக்ஸ்போஷர் என்று பெயர் என்றான். பிலிமை மிச்சம் பிடிக்கிறான் என்று நினைத்தேன், இதற்குத்தான் கூலி அதிகமாம். வானம் வெளுப்பாக இருந்தால் முகம் விழாது, மேகம் கறுக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டான். உப்பளத்தில் உட்கார்ந்து மேகத்தை வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவன்தான். மழை வந்தால் வாரிய உப்பெல்லாம் கரைந்து போகும். நல்லவேளை, கறுத்ததே தவிரப் பெய்யவில்லை.

படம் வந்தது. கீழே உப்புக் குவியல் பக்கத்தில் பூவிழி அண்ணாந்து பார்க்கிறாள். மேலே மேகத்துக்குள் மாப்பிள்ளை முகம் மங்கலாகச் சிரிக்கிறது. நம் பக்கம் மேகத்தில் முகம் போட்டால் அது எதற்கு என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு. எனக்கும் உறுத்தியது. இதுதான் கலை என்று போனில் நீ அடக்கிவிட்டாய். நானும் புத்திகெட்டுப் போய் பெரிதாகச் சட்டம் போட்டு, ஆடிக்குப் பெண்ணை அழைத்துவரப் போனபோது சீரோடு சீராக பிரம்மதேசத்தில் சம்பந்தியம்மா தையல்நாயகி வீட்டில் மாட்டிவிட்டு வந்தேன். மாப்பிள்ளை ஓசூரில் வேலையில் இருக்க, சம்பந்தியம்மாவும் கடைத்தெருவுக்குப் போயிருக்க, இரும்பையிலிருந்து அவருடைய அத்தை வந்து படத்தைப் பார்த்து, பூ வாங்கி வரச் சொல்லிச் சாத்தி, மாரடித்து ஒப்பாரியைத் தொடங்க, தெருவே கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, செத்தது யார் என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் சம்பந்தியம்மா என் வாசலில். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக அந்தப் பிள்ளையை வளர்த்தவர். "ஒங்க பொண்ணு தரையில நிக்கிது, எம் புள்ளைய மேல அனுப்பிட்டீங்களா? ஆவணி பொறந்தாலும் அனுப்ப வேணாங்க, அவ இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார். பூவிழி சோறு தின்னாமல் அழுகிறாள். உன் மேதை இந்தப் பக்கம் வந்தால் பாத்தியில் முக்கி எடுப்பேன், ஒரே இடத்தில் இரண்டு தடவை.

உனக்கும் பிள்ளைகளுக்கும் சகல நன்மையும் உண்டாகட்டும். சக்கரபாணிக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
சடையப்பன்

பி.கு: தபாலில் போடக் கிளம்பும்போது சம்பந்தியம்மா மறுபடியும் வந்தார். கையில் அவர் புருஷனுடைய சின்னப் போட்டோ. "படத்த எறக்கலாம்னுதாங்க போனேன், கை வரல. நானும் அவரும் சேந்து ஒரு போட்டோகூட எடுத்துக்கல. அந்தத் தம்பி இவர மேல வச்சிக் குடுக்குமா?" என்றார். அந்தப் போட்டோவை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சக்கரபாணியைக் கையோடு கூட்டிக்கொண்டு வா. ஆவணி பிறந்ததும் தானே வந்து பூவிழியை அழைத்துப் போவதாகச் சம்பந்தியம்மா சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மேகம் கறுக்கட்டும் என்று நானே வேண்டிக்கொள்கிறேன்.