நாக்கு அண்ணாச்சியும் என் கொரகொரப் பெட்டியும்

சங்கரன்கோவிலில் நாக்கு அண்ணாச்சி நக்கிப் பார்க்காத பாட்டரியே கிடையாது. ரேடியோ மெக்கானிக். கடையில் மீட்டர் ஒன்று உண்டுதான். அதற்குப் பொட்டு வைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். சோதனையெல்லாம் நாக்கில்தான். "மீட்டர் முள்ளு மக்கர் பண்ணும் வே. என் நாக்கு என்னைக்காவது பண்ணியிருக்கா?" என்பார்.

எண்பதுகளின் தொடக்கம். நான் உள்ளூர் மெல்லிசைக் குழுவில் கிதார். விரல் வைக்கத் தெரிந்தது மூன்று கார்டு, வளர்த்தது தோள் வரை முடி. மெட்ராஸ் போன மச்சானைக் கெஞ்சி ஒரு பெடல் வரவழைத்திருந்தேன். காலால் மிதித்தால் கிதார் சத்தம் கொரகொரவென்று கிழியும். என் தப்பெல்லாம் அதில் மறைந்துபோகும் என்று ஒரு நப்பாசை.

ஒரு கல்யாணக் கச்சேரி அன்று காலையில் பெடலுக்குப் பேச்சு மூச்சில்லை. நானே பழுது பார்த்தேன். ஆறு திருகாணியைக் கழற்றி ஐந்தை மாட்டினேன். திருநீறு கூடப் பூசினேன். எங்கள் குழு மாஸ்டர் சொல்லிவிட்டார்: "சாயங்காலம் அது சத்தம் போடலைன்னா, கிதாரை வச்சிட்டு கிலுகிலுப்பையை எடுத்துக்கோ." இவ்வளவு முடியை வைத்துக்கொண்டு கிலுகிலுப்பை ஆட்டுவதா? கிதாரும் பெடலுமாக ஓடினேன் அண்ணாச்சியிடம்.

"ஏலே, இது என்ன, எடை பாக்க மிஷினா?" என்றபடி திறந்தார். பாட்டரியை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "செத்துப்போச்சுலே."

"நேத்துதான் புதுசு போட்டேன் அண்ணாச்சி!"

"வாசிச்ச பொறவு வயரை உருவுனியா?"

உருவவில்லை. கிதாரும் வயரும் பெடலுமாகத் தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஜன்னலோரம் அலங்காரமாக நிறுத்தியிருந்தேன்.

"வயரு சொருகியிருந்தா உள்ள கரண்டு ஓடிக்கிட்டேல்லா இருக்கும், கூறுகெட்டவனே!" என்று தன் சின்ன ரேடியோவிலிருந்த பாட்டரியைக் கழற்றி, நக்கிப் பார்த்து, மாட்டினார். அங்கிருந்த ஆம்ப்ளிஃபயரில் சொருகி வாசித்தேன். கொர்ர்ர்!

அண்ணாச்சி முகம் சுண்டிவிட்டது. "இன்னும் கெட்டுத்தான் கெடக்கு."

"இல்ல அண்ணாச்சி, இப்படிக் கேக்கத்தான் இதை வாங்கினது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருவது வருசமா ஊரு ரேடியோவுல இந்தக் கொரகொரப்பை எடுத்துட்டுக் கெடக்கேன். நீ அதை மெட்ராஸ்லேருந்து வரவழைச்சிருக்கியே, வெளங்குவியாலே!"

சாயங்காலம் மேடையில் என் முறை வந்தது. பெடலை மிதித்தேன். பெண்ணின் பெரியப்பா பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்தார். "ஏய், ஸ்பீக்கரு கிழிஞ்சிட்டு! நிறுத்துலே!" மைக் செட்காரர் பதறியடித்து செட்டை அமர்த்திவிட்டார். மாஸ்டர் கிலுகிலுப்பையை நீட்டினார். வாங்கக் கையும் நீட்டிவிட்டேன்.

அப்போது பந்தலின் கடைசியிலிருந்து ஒரு குரல்.

"வே, போடும்வே மைக்கை! ஒண்ணும் கெடல! அந்தப் பயலுக்கு அப்படித்தான் கேக்கணுமாம்! நான் நாக்குல வச்சுப் பாத்தாச்சு!"

ஊரே நம்புகிற நாக்கு அல்லவா? மைக் உயிர் பெற்றது, பெரியப்பா உட்கார்ந்தார், நான் வாசித்துத் தீர்த்தேன். முடிந்ததும் குனிந்து முதல் வேலையாக வயரை உருவினேன்.

நிமிர்ந்து பார்த்தால், கடைசி வரிசையில் அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறார். கச்சேரி முடிகிற வரைக்கும் இடத்தை விட்டுப் போகவில்லை அந்த மனுஷன்.