இரண்டாம் பிரதி நம் வீட்டில் பத்திரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. உடம்பளவில் நானும் உன் அம்மாவும் நலம். மனசைப் பற்றிக் கேட்காதே, அதைத்தான் கீழே கொட்டப் போகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். இந்தக் குடியிருப்பில் சுவருக்கெல்லாம் காது முளைத்துவிட்டது, கண்ணு.

நீ கிளம்பும்போது அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கைக் கையில் திணித்து, "அப்பா, பச்சைக் குழந்தைங்க அழுகையெல்லாம் பதிவு பண்ணி வெச்சிருக்கேன். ஆராய்ச்சித் தரவு. ஒரு பிரதி ஆபீஸ்ல, இன்னொண்ணு வேற ஊர்ல இருக்கணும். தரவைப் பாதுகாக்குற திட்டத்துல உங்களைத்தான் காப்பாளர்னு போட்டிருக்கேன்" என்றாய். வாழ்நாளெல்லாம் கிடங்கு காத்தவன் இல்லையா, மார்தட்டிக் கையெழுத்துப் போட்டேன். திட்டத்தைப் பிறகுதான் படித்தேன். ஈரமில்லாத, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டுமாம். ஃப்ரிட்ஜில் வைத்தேன். "தயிருக்கே இடமில்ல, இது வேறயா" என்று உன் அம்மா தூக்கி பீரோவில் போட்டாள். பீரோவில் பூச்சி உருண்டை. அது தரவை அரித்துவிட்டால்? தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், அன்றோடு என் தூக்கம் போச்சு.

பதிவுகள் திறக்கின்றனவா என்று காப்பாளர் அடிக்கடி சோதிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். திறந்தால் போதுமா? ஆரம்பம் நன்றாயிருந்து நடுவில் கெட்டுப்போயிருந்தால் உன் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் குழுவுக்கு யார் பதில் சொல்வது? அதனால் தினமும் ஒரு பகுதியை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறேன். என் காது மந்தம், சத்தத்தை முழுசாக வைத்தால்தான் கேட்கும். எனக்குக் கேட்டால் மாடி முழுக்கக் கேட்டுத் தொலைக்கிறது. எதிர்வீட்டு அம்மாள், "பேரனா, பேத்தியா?" என்றாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றேன். உள்ளே வீல் என்று ஓர் அலறல். "ஒண்ணுமில்லாததா இந்தக் கத்து கத்துது?" என்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடும் பெண் நீ என்பது இந்த மாடிக்கே தெரியும். இப்போது நான் படியிறங்கினால் பேச்சு நிற்கிறது, இறங்கி முடித்ததும் மறுபடி குசுகுசு. வீட்டுக்காரர் வேறு வந்து, "ரெண்டே பேர்னுதானே சார் குடி வந்தீங்க?" என்று உள்ளே எட்டி எட்டிப் பார்க்கிறார்.

உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு நீ வாக்குக் கொடுத்திருக்கிறாயே! மூன்று வருஷம் கழித்து, பெயர்களை எல்லாம் நீக்கிய பிறகுதான் தரவைப் பகிர்வது, அதுவரை டிஸ்க்கில் இருப்பதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று. விட்டால் வெள்ளிக்கிழமை கூடுகிற குழு உன் ஆராய்ச்சியையே நிறுத்திவிடும். அதுக்காக மூணு வருஷம் நான் எப்படிம்மா வாயைப் பொத்திக்கிட்டு இருப்பேன்? வீட்டுக்காரர் ஒருத்தரிடம் மட்டும் சொல்ல அனுமதி எழுதி அனுப்பு. அதுவரை எங்களிடமிருந்து ஒரு சொல் வெளியே போகாது. "எம்பொண்ணு அலைஞ்சு திரிஞ்சு சேர்த்தது, உசிரே போனாலும் சொல்ல மாட்டேன்" என்று உன் அம்மாவும் உறுதியாக நிற்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. தொட்டதெல்லாம் துலங்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
இரண்டாம் பிரதிக் காப்பாளர்.

பி.கு.: அனுமதி வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் எதிர்வீட்டு அம்மாள் வந்து, "அப்ப உள்ள அழுறது யாருதான்?" என்று உன் அம்மாவை மடக்கிவிட்டாள். உண்மையைச் சொல்ல வழியில்லை. "பேத்தி" என்று சொல்லிவிட்டாள். அடிப்பாவி என்று தலையிலடித்துக்கொண்டேன். "பின்ன என்ன பண்றது? அவ ஆராய்ச்சியா, நம்ம மானமான்னு பார்த்தேன். ஆராய்ச்சிதான்னு முடிவு பண்ணிட்டேன்" என்கிறாள். வீட்டுக்காரர் தொட்டில் அனுப்பியிருக்கிறார். குட்டிக் குட்டிச் சட்டைகளாக வந்து குவிகின்றன. தரவு பத்திரமாக இருக்கிறது. நீ மட்டும் இங்கே வரும்போது இருட்டின பிறகு வா, கண்ணு.