மாப்பிள்ளையின் கிருமிகளுக்கு ஒரு பூஜை

மேற்கு மாம்பலம்,
புதன்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ராகவேந்திரனுக்கு மாமனார் வேதாந்தம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் மாமியார் சூடாமணியும் க்ஷேமம். உங்கள் நுண்ணுயிர்கள்தான் க்ஷேமமாக இல்லை. போனில் சொன்னால் சூடாமணி காதில் விழும் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

பக்கத்து முலாம் பட்டறை மூடிய பிறகும் அதன் குரோமியம் எங்கள் குடியிருப்புக் கிணற்றை விடவில்லை, அதைத் தின்று தீர்க்கும் கிருமிகளை நீங்கள் டிரம்மில் வளர்த்து, புதுக் கண்டுபிடிப்புகளுக்கான அரசு உதவியோடு கிணற்றடியில் கொண்டுவந்து வைத்தீர்கள், அதுவரை எல்லாம் சரி. கிளம்பும்போது "உள்ள இருக்கறதெல்லாம் உசிரு, பத்திரமா பாத்துக்கோங்கோ" என்று சூடாமணியிடம் சொன்னீர்களே, அங்கேதான் ஆரம்பித்தது. புது ஸ்கூட்டர் வந்தாலே பூஜை போடாமல் விடாதவள் அவள். டிரம்முக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, மூடியைத் திறந்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, "பாவம், வாயில்லா ஜீவன்கள், அதுகளும் தீர்க்காயுசா இருக்கட்டுமே" என்றாள். மஞ்சள் கிருமிகளைக் கொல்லுமே என்று நான் வாயெடுப்பதற்குள் கர்ப்பூரம் காட்டி முடித்துவிட்டாள். மறுநாள் டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் தங்கவேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், நேத்து வரிக்கும் நொர பொங்கிக்கினு இருந்துச்சு, இப்போ கம்முனு கீது" என்றான். வெள்ளிக்கிழமை அதிகாரி பார்வையிட வருகிறார். டிரம் வேலை செய்யவில்லை என்று அவர் எழுதிவிட்டால் அரசு உதவி நின்றுவிடும், கிணற்றை மண் போட்டு மூடக் குடியிருப்போர் சங்கம் தயாராக இருக்கிறது. அந்தத் தண்ணீரில் மறுபடி சமைக்க வேண்டும் என்பது சூடாமணியின் ஆசை, அவள் கையாலேயே அது கெட்டது என்று தெரிந்தால் தாங்கமாட்டாள். ஆகவே புதுக் கிருமிகளோடு உடனே புறப்பட்டு வரவும்.

சௌபாக்கியவதி மாளவிகாவுக்கும் உங்களுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள்.

வேதாந்தம்

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடவும். உறையை ஒட்டுவதற்குள், வெள்ளிக்கிழமை வரவேண்டிய அதிகாரி இன்றே வந்துவிட்டார். குங்குமத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மூடிய தொறக்கவா சார்?" என்று தங்கவேல் கேட்டதற்கு, "பூஜை பண்ணினதுப்பா, கை வைக்காதே" என்று தடுத்து, தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டலோடு போனார். கிருமிகள் வேண்டாம். இது கிடைத்ததும் போன் செய்து, நான் க்ஷேமமா என்று மட்டும் விசாரிக்கவும். சூடாமணி கிணற்றுத் தண்ணீரில் காப்பி போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, நான் குடிப்பதைப் பார்க்க எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.