என்னை வெளியே அனுப்பிய ஜப்பான் தேர்தல்

களைத்துப்போனவர்கள் புதிதாக எதையும் முயன்று பார்க்கக் கூடாது. பழைய நோட்ஸை வாசித்துவிட்டுப் பேசாமல் வீடு வந்து சேர வேண்டும். இந்த ஞானம் எனக்குத் திண்டிவனத்தில், ஒரு தனியார் கல்லூரி வராந்தாவில் கிடைத்தது.

அப்போது நான் விழுப்புரத்தில் கௌரவ விரிவுரையாளர். (கௌரவம் பெயரில் மட்டும், கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது.) திண்டிவனத்தில் வரலாற்றுத் துறைக்கு நிரந்தர வேலை காலி என்று அழைத்தார்கள். அது கிடைத்துவிட்டால், அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று மே மாதம் முழுக்கப் பயந்து சாக வேண்டாம். மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். தலைப்பு, சக்கரவர்த்தி ஆட்சிக்கால ஜப்பானின் நாடாளுமன்றத் தேர்தல். கடைசி பெஞ்சில் முதல்வரும் தாளாளர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

வாயால் சொன்னால் மனசில் நிற்காது, நடத்தியே காட்டிவிடுவோம் என்று தோன்றியது. (யார் கேட்டார்கள்?)

"இருபதாம் நூற்றாண்டு ஆரம்பம். வரி கட்டுற ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் ஓட்டு. அப்பா பேர்ல பட்டா இல்லாத பசங்கள்லாம் வெளிய போங்க" என்றேன். பையன்களில் பாதிப்பேர் குஷியாகக் கிளம்பினார்கள்.

"பொம்பளைங்க அரசியல் கூட்டத்துக்கே வரக்கூடாதுன்னு சட்டம். கேர்ள்ஸும் போங்க. ஜல்தி!"

அவர்களும் போனார்கள். எனக்கு ஆவேசம் அடங்கவில்லை. தாளாளரைப் பார்த்து, "அம்மா, மன்னிக்கணும், நீங்களும்தான்" என்று வாசலைக் காட்டினேன்.

அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். "பொம்பளயே இருக்கக்கூடாதுன்னா, நீ எப்படிம்மா உள்ள நின்னுக்கினு இருக்கற?"

நியாயமான கேள்வி. நானும் வெளியே போனேன்.

உள்ளே மிஞ்சிய பட்டாதாரர் வீட்டுப் பிள்ளைகள் கைதூக்கி ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் போட்ட முதல் சட்டம், வகுப்பு முடிந்தது என்பது. எல்லோரும் கேண்டீனுக்குப் போனார்கள். முதல்வர் மட்டும் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து மாதிரி வகுப்பு எடுக்க வந்தவர், கேண்டீனிலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்கு நோட்ஸ் சொல்லி எழுத வைத்தார். ஒருவரும் வெளியே போகவில்லை.

"உன் கிளாஸுதான் எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றார், முடிவு சொல்ல வராந்தாவுக்கு வந்த தாளாளர். எனக்கு உயிர் வந்தது. "ஆனா எனக்கு ஓட்டே இல்லன்னு நீயே அனுப்பிட்டியேம்மா! ஓட்டு உள்ளவரு பிரின்சிபால் ஒருத்தருதான். அவரு அந்த நோட்ஸ்காரரை எடுத்துக்கினாரு."

விழுப்புரம் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

இன்னமும் கௌரவ விரிவுரையாளர்தான். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து என் மகள் குரல் கொடுப்பாள்: "அம்மா, ஜப்பான்ல கேட்டுட்டியா? உன்ன உள்ள விடலாமா?"

"விடுடி, கால் வலிக்குது" என்பேன்.